ஹார்லோ டேரம்

டோர்கர் ஹார்லோ டேரம் (மே 22, 1920 – செப்டம்பர் 16, 1943) இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய ராயல் வான்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் பணியாற்றிய கனடிய வானூர்தி வழிசெலுத்துநர் (நேவிகேட்டர்) ஆவார். ராயல் கனடிய வான்படையைச் சேர்ந்தவர். 1943 மே 16–17 இரவில் ஜெர்மனியின் ரூர்ப் பகுதி அணைகள் மீது நடத்தப்பட்ட தாக்குதலில், படைத்தலைவர் கை கிப்சன் ஓட்டிய முதல் வானூர்தியின் வழிசெலுத்துநராக இருந்தவர் இவரே. அதற்காக இவருக்கு சிறப்புப் பறத்தல் சிலுவை (டிஸ்டிங்விஷ்ட் பிளையிங் கிராஸ்) வழங்கப்பட்டது. நான்கு மாதங்கள் கழித்து, டோர்ட்முண்ட்–எம்ஸ் கால்வாய் மீதான தாக்குதலுக்குச் சென்றபோது ஜெர்மனியின் நோர்ட்ஹோர்ன் நகரருகே வானூர்தி சுட்டு வீழ்த்தப்பட்டு, தமது 23ஆவது வயதில் இறந்தார்.

அணைத் தாக்குதலைப் பற்றிய நூல்களிலும் திரைப்படத்திலும் வலவர்களும், துள்ளும் குண்டை வடிவமைத்த பார்ன்ஸ் வாலிசும் முதன்மையாகப் பேசப்படுகின்றனர். ஆனால் இருளில், மிகத் தாழ்வாகப் பறந்து, குறித்த நேரத்தில் குறித்த நீர்த்தேக்கத்தை அடைவதும், குண்டு போட வேண்டிய உயரத்தை அறிவிப்பதும் வழிசெலுத்துநரின் பொறுப்புகளாக இருந்தன.

இளமை

டேரம் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தின் தென்பகுதியில் உள்ள மைலோ என்னும் சிற்றூரில் பிறந்தார். இது கால்கரி நகருக்குத் தென்கிழக்கே, மக்கிரெகர் ஏரிக்கு அருகில், கோதுமை வயல்கள் நிறைந்த சமவெளியில் அமைந்துள்ளது. தந்தை நார்வேயிலிருந்து குடியேறி வேளாண்மை செய்தவர். தாயார் பெயர் ஹில்டா. டேரம் சிறுவனாக இருந்தபோதே தந்தை நீரில் மூழ்கி இறந்துவிட்டார். மூத்த பிள்ளையான டேரம், படித்துக்கொண்டே பண்ணை வேலைகளில் தாய்க்கு உதவினார். வீட்டில் இவர் ஹார்லோ என்றே அழைக்கப்பட்டார். பின்னாளில் வான்படை நண்பர்கள் இவரை டெரி என்று அழைத்தனர்.

வான்படையில் சேர்தல்

கனடா 1939 செப்டம்பரில் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிரித்தானியா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகள் பொதுநலவாய வான்படைப் பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட்டன. எதிரி வானூர்திகள் வர முடியாத தொலைவும் பரந்த வெளியும் கொண்ட கனடா இத்திட்டத்தின் மையமாயிற்று. போர் முடிவதற்குள் 1,31,000-க்கும் மேற்பட்ட வானோடிகள் இங்கே பயிற்சி பெற்றனர்.

டேரம் 1940இல் ராயல் கனடிய வான்படையில் சேர்ந்து 'அவதானிப்பாளர்' (அப்சர்வர்) பிரிவில் தேர்ச்சி பெற்றார். அக்காலத்தில் அவதானிப்பாளர் ஒருவரே வழியையும் கணிக்க வேண்டும், இலக்கை அடைந்ததும் குண்டையும் குறிபார்த்துப் போட வேண்டும். நான்கு பொறிகள் கொண்ட பெரிய குண்டுவீச்சு வானூர்திகள் வந்தபின் ஒருவரால் இவ்விரு வேலைகளையும் செய்வது கடினமாயிற்று. எனவே 1942இல் இப்பணி வழிசெலுத்துநர், குண்டு குறிபார்ப்பவர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. டேரம் வழிசெலுத்துநராகத் தொடர்ந்தார்.

இங்கிலாந்து சென்ற இவர், லிங்கன்ஷயர் மாவட்டத்தில் நிலைகொண்டிருந்த 50ஆவது ஸ்குவாட்ரனில் பணியாற்றினார். இந்த அணி 1942இல் ஹாம்ப்டன் வானூர்திகளிலிருந்து மான்செஸ்டருக்கும் பின்னர் லங்காஸ்டருக்கும் மாறியது. ஒரு வானோடி பொதுவாக 30 தாக்குதல் பறப்புகளை முடித்தால் ஒரு சுற்றுப் பணி நிறைவுற்றதாகக் கருதப்பட்டது. அதை முடிக்கும் முன்பே பலர் இறந்தனர். போர் முழுவதிலும் குண்டுவீச்சுப் பிரிவில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் உயிரிழந்தனர். இவர்களில் சுமார் 10,000 பேர் கனடியர்கள்.

வழிசெலுத்துநரின் பணி

லங்காஸ்டரில் வழிசெலுத்துநரின் இருக்கை வலவருக்குப் பின்னால், பக்கவாட்டில் அமைந்த ஒரு மேசையின் முன் இருந்தது. விளக்கொளி வெளியே தெரியாதிருக்கத் திரை இடப்பட்டிருக்கும். நிலப்படம், அளவுகோல், கவராயம், திசையும் வேகமும் கணிக்கும் கையடக்கக் கருவி ஆகியவை அவருடைய கருவிகள். இலக்கின் மேல் எல்லாரும் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அவர் பெரும்பாலும் எண்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய அடிப்படைச் சிக்கல் காற்று. மணிக்கு 350 கி.மீ. வேகத்தில் கிழக்கு நோக்கிப் பறக்கும் வானூர்தியின் மீது வடக்கிலிருந்து மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், ஒரு மணி நேரத்தில் அது தன் பாதையிலிருந்து 60 கி.மீ. தெற்கே தள்ளப்பட்டிருக்கும். எனவே வழிசெலுத்துநர் காற்றின் திசையையும் வேகத்தையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிதாகக் கண்டறிந்து, வானூர்தியின் முகத்தை எந்த அளவு திருப்ப வேண்டும் என்று வலவருக்குச் சொல்ல வேண்டும். ஒருமுறை செய்த பிழை அடுத்த கணிப்பிலும் சேர்ந்துகொள்ளும்.

'ஜீ' என்ற வானொலிக் கருவி 1942 முதல் இப்பணிக்கு உதவியது. இங்கிலாந்திலுள்ள நிலையங்களிலிருந்து வரும் துடிப்புகளின் நேர வேறுபாட்டைக் கொண்டு வானூர்தியின் இடத்தை அறியலாம். ஆனால் ஐரோப்பியக் கரையை அணுகியதும் ஜெர்மானியர் அதைக் குழப்பினர். மேலும் தாழ்வாகப் பறக்கும்போது அது சரிவர வேலை செய்வதில்லை. அதன்பின் கணக்கும் கண்ணும்தான் துணை.

617ஆவது ஸ்குவாட்ரன்

ரூர்த் தொழிற்பகுதிக்கு நீர் வழங்கிய அணைகளை உடைப்பதற்காக 1943 மார்ச் மாதம் ஸ்காம்ப்டன் வான்படைத் தளத்தில் 617ஆவது ஸ்குவாட்ரன் உருவாக்கப்பட்டது. அதன் தலைவராக 24 வயதான கை கிப்சன் நியமிக்கப்பட்டார். இவர் இந்தியாவின் சிம்லாவில் பிறந்தவர்.

கிப்சனின் வானூர்தியில் இருந்தவர்கள் அவருடன் நெடுநாள் பறந்த பழைய குழுவினர் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. வானொலி இயக்குநர் ஹட்சிசன் மட்டுமே முன்னர் 106ஆவது ஸ்குவாட்ரனில் அவருடன் பறந்தவர். டேரம் உள்ளிட்டோர் இத்தாக்குதலுக்காகவே ஒன்றுசேர்க்கப்பட்டனர். ஒருவரையொருவர் அறிந்து பழக அவர்களுக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஏழு வாரங்கள். கிப்சன் பின்னர் எழுதிய போர் நினைவு நூலில் டேரத்தை மிகத் திறமையான வழிசெலுத்துநர் எனப் பாராட்டியுள்ளார்.

பயிற்சியில் வானூர்திகள் சுமார் 30 மீட்டர் உயரத்தில் பறந்தன. அந்த உயரத்தில் தரை நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஓடும். மேலிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் ஆறும் இருப்புப்பாதையும் கண்ணிமைக்கும் நேரமே தென்படும். எனவே நிலப்படங்களை நீண்ட பட்டையாக வெட்டி உருளைகளில் சுற்றி, பறக்கும் திசைக்கேற்ப உருட்டிப் பார்த்தனர். குண்டு குறிபார்ப்பவர் மூக்குப் பகுதியிலிருந்து தாம் காணும் கால்வாய், பாலம், சாலைச் சந்திப்பு ஆகியவற்றைச் சொல்ல, வழிசெலுத்துநர் அவற்றைப் படத்தோடு ஒப்பிட்டார். பகலிலேயே இரவுப் பறப்பைப் பழகுவதற்காகச் சன்னல்களில் நீலநிறத் தகடுகளைப் பொருத்தி, வானோடிகள் மஞ்சள்நிறக் கண்ணாடிகளை அணிந்தனர். டெர்வென்ட், ஐப்ரூக், ஆபர்ட்டன் ஆகிய நீர்த்தேக்கங்கள் மாதிரி இலக்குகளாகப் பயன்பட்டன.

வாலிஸ் வடிவமைத்த 'அப்கீப்' குண்டு சுமார் 4,200 கிலோகிராம் எடையுள்ள உருளை. நிமிடத்துக்கு 500 முறை பின்னோக்கிச் சுழன்றபடி விடப்பட்டால் அது நீரின் மேல் துள்ளிச் சென்று, அணைச்சுவரில் மோதி, சுவரை ஒட்டி மூழ்கி வெடிக்கும். இதற்கு வானூர்தி நீர்மட்டத்திலிருந்து 60 அடி (சுமார் 18 மீட்டர்) உயரத்தில், மணிக்கு சுமார் 370 கி.மீ. வேகத்தில், அணையிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். அத்தனை குறைந்த உயரத்தை இரவில் காட்டக்கூடிய உயரமானி அப்போது இல்லை. எனவே வானூர்தியின் அடியில் இரண்டு விளக்குகள் பொருத்தப்பட்டன. அவற்றின் ஒளிவட்டங்கள் நீரின்மேல் ஒன்றையொன்று தொடும்போது உயரம் சரியாக 60 அடியாக இருக்கும். வலப்புறக் கண்ணாடிக் குமிழி வழியாக அந்த ஒளிவட்டங்களைப் பார்த்து, மேலே, கீழே என்று வலவருக்குச் சொல்வது வழிசெலுத்துநரின் வேலை. அந்தச் சில நொடிகளில் வலவர் அவர் சொல்வதை நம்பியே பறக்க வேண்டியிருந்தது.

அணைத் தாக்குதல்

1943 மே 16 இரவு 9.39 மணிக்கு கிப்சனின் ஏஜே-ஜி என்ற லங்காஸ்டர் ஸ்காம்ப்டனிலிருந்து புறப்பட்டது. அத்துடன் ஹாப்குட், மார்ட்டின் ஆகியோரின் வானூர்திகளும் சென்றன. மொத்தம் 19 வானூர்திகளில் 133 பேர் இத்தாக்குதலில் பங்கேற்றனர். இவர்களில் 30 பேர் கனடியர்கள்.

எதிர்பார்த்ததைவிடக் காற்று பலமாக இருந்ததால், வட கடலைக் கடந்த முன்னணி வானூர்திகள் திட்டமிட்ட பாதையிலிருந்து விலகி, பீரங்கிகள் நிறைந்த நெதர்லாந்தின் வால்கெரன் தீவின் மேல் கரையேறின. ரைன் ஆற்றை அடைந்தபோதும் பாதையிலிருந்து சற்றுத் தெற்கே இருப்பது தெரியவந்தது. இரு முறையும் பிழை விரைந்து கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில் அவர்கள் மோனே நீர்த்தேக்கத்தை அடைந்தனர்.

12.28 மணிக்கு ஏஜே-ஜி முதல் தாக்குதலை நடத்தியது. டேரம் ஒளிவட்டங்களைப் பார்த்து உயரத்தைச் சரிசெய்தார். பொறியாளர் பல்ஃபோர்ட் வேகத்தைக் கவனித்தார். ஸ்பாஃபோர்ட் குறிபார்த்துக் குண்டை விட்டார். அது துள்ளிச் சென்றபோதும் அணைக்குச் சற்று முன்னரே வெடித்துவிட்டது. இரண்டாவதாகச் சென்ற ஹாப்குட்டின் வானூர்தி சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன்பின் கிப்சன் பீரங்கிகளின் கவனத்தைத் தம்பக்கம் ஈர்ப்பதற்காக மற்ற வானூர்திகளோடு சேர்ந்து மீண்டும் அணையருகே பறந்தார். ஐந்தாவதாக மால்ட்பி விட்ட குண்டுக்குப் பின் அணை உடைந்தது.

அடுத்து ஏஜே-ஜி, குண்டு மீதமிருந்த வானூர்திகளை மலைகளும் மூடுபனியும் சூழ்ந்த ஏடர் அணைக்கு வழிநடத்தியது. அங்கு லெஸ் நைட் விட்ட குண்டு அணையை உடைத்தது. மூன்றாவது இலக்கான சோர்ப்பே அணை சேதமடைந்ததே தவிர உடையவில்லை. எட்டு வானூர்திகள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தனர், மூவர் சிறைப்பட்டனர். இறந்தவர்களில் 13 பேர் கனடியர்கள்.

விளைவுகள்

உடைந்த அணைகளிலிருந்து பாய்ந்த வெள்ளத்தில் 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவர்களில் பெரும்பகுதியினர் ஜெர்மானியர் அல்லர். கைப்பற்றப்பட்ட நாடுகளிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களும் போர்க்கைதிகளும் ஆவர். மோனே அணைக்குக் கீழே நெய்ஹைம் நகரில் இருந்த முகாமில் சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த பல நூறு பெண் தொழிலாளர்கள் மூழ்கி இறந்தனர்.

நீர், மின்சாரம், போக்குவரத்து ஆகியவை பாதிக்கப்பட்டாலும் ஜெர்மானியர் பெருமளவு தொழிலாளர்களைக் குவித்து அதே ஆண்டின் இலையுதிர் காலத்துக்குள் மோனே அணையைச் சீரமைத்தனர். இத்தாக்குதலின் போர்ப்பயன் எவ்வளவு என்பது குறித்து வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறையின் 56ஆவது பிரிவு, பொதுமக்களுக்குப் பேரிழப்பு ஏற்படுத்தக்கூடிய அணைத் தாக்குதல்களைத் தடைசெய்கிறது.

விருது

இத்தாக்குதலுக்காக கிப்சனுக்கு விக்டோரியா சிலுவையும் டேரத்துக்கு சிறப்புப் பறத்தல் சிலுவையும் அறிவிக்கப்பட்டன. 1943 ஜூன் 22 அன்று பக்கிங்காம் அரண்மனையில் எலிசபெத் அரசி (ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி) இவ்விருதுகளை வழங்கினார். மன்னர் அப்போது வட ஆப்பிரிக்காவில் இருந்தார்.

கால்கரி சந்திப்பு

1943 ஆகஸ்டில் கிப்சன் பறக்கும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, கியூபெக் மாநாட்டுக்குச் சென்ற பிரதமர் சர்ச்சிலுடன் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் கனடாவிலும் அமெரிக்காவிலும் உரையாற்றியபடி சுற்றுப்பயணம் செய்தார். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் கால்கரி சென்றபோது டேரத்தின் தாயார் ஹில்டாவைச் சந்தித்தார். மகனின் தலைவரோடு தாய் அமர்ந்திருக்கும் ஒளிப்படங்கள் எடுக்கப்பட்டன. மகன் இறந்த செய்தி சில நாட்களிலேயே அவரை வந்தடைந்தது.

இறுதிப் பறப்பு

கிப்சனுக்குப் பின் ஜார்ஜ் ஹோல்டன் 617ஆவது ஸ்குவாட்ரனின் தலைவரானார். டேரம், ஸ்பாஃபோர்ட், ஹட்சிசன், டீரிங் ஆகிய நால்வரும் அவருடன் பறக்கத் தொடங்கினர்.

செப்டம்பரில் இந்த அணிக்கு டோர்ட்முண்ட்–எம்ஸ் கால்வாயை லாட்பெர்கன் அருகே உடைக்கும் பணி தரப்பட்டது. ரூர்ப் பகுதியை வடகடல் துறைமுகத்தோடு இணைக்கும் இக்கால்வாய் அங்கே சுற்றியுள்ள நிலத்தைவிட உயரமான கரைகளுக்கு நடுவே ஓடுகிறது. கரை உடைந்தால் நீர் வடிந்து படகுப் போக்குவரத்து நின்றுவிடும். இதற்கு சுமார் 5,400 கிலோகிராம் எடையுள்ள புதிய குண்டு பயன்படுத்தப்பட்டது. இதிலும் தாழ்வாகவே பறக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 14 இரவு புறப்பட்ட எட்டு வானூர்திகள் இலக்கில் மூடுபனி என்ற செய்தி கிடைத்ததும் திருப்பி அழைக்கப்பட்டன. திரும்பும் வழியில் மால்ட்பியின் வானூர்தி வடகடலில் விழுந்து அனைவரும் இறந்தனர். மறுநாள் இரவே எட்டு வானூர்திகள் மீண்டும் புறப்பட்டன. கூடுதல் துப்பாக்கி வீரர் ஒருவர் சேர்க்கப்பட்டதால் ஒவ்வொன்றிலும் வழக்கமான எழுவருக்குப் பதில் எட்டுப் பேர் இருந்தனர். நோர்ட்ஹோர்ன் நகரைக் கடந்தபோது முன்னணியில் சென்ற ஹோல்டனின் வானூர்தி பீரங்கியால் தாக்கப்பட்டுத் தீப்பற்றி விழுந்தது. அதிலிருந்த பெருங்குண்டும் வெடித்தது. எவரும் பிழைக்கவில்லை.

அன்றிரவு சென்ற எட்டு வானூர்திகளில் ஐந்து வீழ்ந்தன. ஏடர் அணையை உடைத்த லெஸ் நைட்டும் தம் குழுவினர் குதித்துத் தப்பும்வரை வானூர்தியைப் பிடித்து நிறுத்திவிட்டு உயிரிழந்தார். கால்வாய் உடையவில்லை. ஒரே முயற்சியில் ஏற்பட்ட இந்தப் பேரிழப்புக்குப்பின் 617ஆவது ஸ்குவாட்ரன் உயரத்திலிருந்து துல்லியமாகக் குண்டு போடும் முறைக்கு மாறியது.

ஏஜே-ஜி குழுவினரின் முடிவு

அணைத் தாக்குதலில் ஏஜே-ஜியில் பறந்த எழுவரும் பதினேழு மாதங்களுக்குள் இறந்தனர்.

• ஹார்லோ டேரம், வழிசெலுத்துநர் (கனடா) – செப்டம்பர் 16, 1943, நோர்ட்ஹோர்ன்
• பிரெடரிக் ஸ்பாஃபோர்ட், குண்டு குறிபார்ப்பவர் (ஆஸ்திரேலியா) – அதே வானூர்தியில்
• ராபர்ட் ஹட்சிசன், வானொலி இயக்குநர் (இங்கிலாந்து) – அதே வானூர்தியில்
• ஜார்ஜ் டீரிங், முன் துப்பாக்கி வீரர் (கனடா) – அதே வானூர்தியில்
• ஜான் பல்ஃபோர்ட், பொறியாளர் (இங்கிலாந்து) – பெப்ரவரி 13, 1944, இங்கிலாந்தின் சசெக்ஸ் மலைப்பகுதியில் வானூர்தி மோதி
• ரிச்சர்ட் டிரெவர்-ரோப்பர், பின் துப்பாக்கி வீரர் (இங்கிலாந்து) – மார்ச் 31, 1944, நியூரம்பெர்க் தாக்குதல்
• கை கிப்சன், வலவர் – செப்டம்பர் 19, 1944, நெதர்லாந்தின் ஸ்டீன்பெர்கன்

குடும்பம்

டேரத்தின் தம்பி லோர்னும் ராயல் கனடிய வான்படையில் சேர்ந்து, துப்பாக்கி வீரராக இங்கிலாந்து சென்றார். அவர் 1945 பெப்ரவரியில், ஐரோப்பாவில் போர் முடிய மூன்று மாதங்களே இருந்த நிலையில், தமது 18ஆவது வயதில் கொல்லப்பட்டார். ஹில்டா இவ்வாறு ஒன்றரை ஆண்டுக்குள் இரு மகன்களை இழந்தார்.

நினைவு

ஹார்லோ டேரம் ஜெர்மனியின் கிளேவ் நகரருகே ரைஷ்வால்ட் காட்டுப் போர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். ஹோல்டனும் மற்றத் தோழர்களும் அங்கேயே உள்ளனர். 7,500-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கொண்ட இது ஜெர்மனியிலுள்ள மிகப்பெரிய பொதுநலவாயப் போர்க் கல்லறையாகும். இங்குள்ளோரில் சுமார் 4,000 பேர் வானோடிகள்.

இங்கிலாந்தின் உட்ஹால் ஸ்பா என்னும் ஊரில், உடைந்த அணையின் வடிவில் 1987இல் திறக்கப்பட்ட 617ஆவது ஸ்குவாட்ரன் நினைவுச்சின்னத்தில் போரில் இறந்த அவ்வணியினரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கனடாவில், டேரத்தின் பிறந்த மாகாணமான ஆல்பர்ட்டாவின் நாண்டன் நகரிலுள்ள குண்டுவீச்சுப் பிரிவு அருங்காட்சியகத்தின் நினைவுச்சுவரில் அப்பிரிவில் உயிர்நீத்த 10,000-க்கும் மேற்பட்ட கனடியர்களின் பெயர்கள் உள்ளன. 1955இல் வெளிவந்த 'தி டாம் பஸ்டர்ஸ்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தில் கிப்சனின் குழுவினருள் ஒருவராக டேரமும் சித்தரிக்கப்பட்டுள்ளார்.